ஒரு புள்ளி விட்டுப்போனால் மெயில் நிற்கும்: ஸோன் ஃபைலை சர்வரில் ஏற்றும் முன் சோதிப்பது எப்படி?

2009 அக்டோபர் 12 இரவு. ஸ்வீடன் நாட்டின் .எஸ்இ முகவரிகள் ஒட்டுமொத்தமாகத் தடுமாறின. அப்போது அந்த முடிவொட்டில் சுமார் 9 லட்சம் டொமைன் பெயர்கள் இருந்தன. வெப்சைட் திறக்கவில்லை, மெயில் போகவில்லை. ஹேக்கர்கள் யாரும் உள்ளே வரவில்லை, கேபிளும் அறுபடவில்லை. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது ஓடிய ஒரு ஸ்கிரிப்ட், பெயர்களின் கடைசியில் வைக்க வேண்டிய புள்ளியை வைக்காமல் விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

பிழையை அவர்கள் விரைவிலேயே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் உலகெங்கும் உள்ள இணைய நிறுவனங்களின் சர்வர்கள் அந்தத் தவறான பதிலை நினைவில் வைத்துக்கொண்டன. அதை வெளியிலிருந்து திரும்ப வாங்க முடியாது. அந்தந்த நிறுவனங்களே அதை அழிக்காவிட்டால், காலாவதி ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் புள்ளி எதற்கு? அது விட்டுப்போனதை முன்கூட்டியே பிடிக்கும் கட்டளைகள் எவை? அவை "ஓகே" என்று சொன்னால் அப்படியே நம்பலாமா? விரிவாகப் பார்ப்போம்.

(ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் கட்டளைகளும் கோப்பு வரிகளும் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கம்ப்யூட்டரில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

சாம்பியன் ரீப்ஸில் இருப்பவருக்கு இது எதற்கு?

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டன. அதற்குப் பிறகு ஊரின் வேலைநாள் ரயிலில்தான் தொடங்குகிறது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ஸ்டேஷனிலும் ஏறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் வருகிற கூட்டத்தில் ஐடி ஊழியர்களும் உண்டு. சர்வர், நெட்வொர்க், சப்போர்ட் என்று வேலை பார்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் டிஎன்எஸ் கோப்பைத் தொட வேண்டிவரும். அலுவலகத்தில் தொடாவிட்டாலும், ஊரில் சங்கத்துக்கோ பள்ளிக்கோ கடைக்கோ வெப்சைட் போட்டுக் கொடுக்கும்போது அந்த வேலை நம் தலையில்தான் விழும்.

சுரங்கம் இருந்த ஊருக்கு இந்த விஷயம் புதிதும் அல்ல. ஷாஃப்டில் பழுதுபார்ப்பு நடந்தாலோ, கூண்டு நீண்ட நேரம் நின்றிருந்தாலோ, மறுபடி ஆட்களை ஏற்றும் முன் வெறும் கூண்டை ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது இந்தியச் சுரங்கப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. சாம்பியன் ரீப் போல 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில், பாதி வழியில் தெரியவரும் கோளாறுக்கு என்ன விலை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஸோன் ஃபைலைச் சோதிக்கும் கட்டளையும் அப்படி ஒரு வெறுங்கூண்டு ஓட்டம்தான்.

ஸோன் ஃபைல் என்றால் என்ன?

ஒரு டொமைன் பெயருக்குக் கீழே எந்தப் பெயர் எந்த ஐபி முகவரிக்குப் போக வேண்டும், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும், இந்தப் பெயருக்குப் பொறுப்பான சர்வர்கள் எவை என்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைத்திருக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான் ஸோன் ஃபைல். இதன் வடிவத்தை 1987 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற ஆவணம் வரையறுத்தது. இன்றும் அடிப்படை அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய ஸோன் ஃபைல். ".எக்ஸாம்பிள்" என்ற முடிவொட்டு விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதனால் இதை முயன்று பார்த்தாலும் யாருடைய வெப்சைட்டுக்கும் பாதிப்பு வராது.

$டிடிஎல் 3600
@ ஐஎன் எஸ்ஓஏ என்எஸ்1.சாம்பியன்.எக்ஸாம்பிள். அட்மின்.சாம்பியன்.எக்ஸாம்பிள். ( 2026031301 7200 3600 1209600 3600 )
@ ஐஎன் என்எஸ் என்எஸ்1.சாம்பியன்.எக்ஸாம்பிள்.
@ ஐஎன் என்எஸ் என்எஸ்2.சாம்பியன்.எக்ஸாம்பிள்.
@ ஐஎன் எம்எக்ஸ் 10 மெயில்.சாம்பியன்.எக்ஸாம்பிள்
என்எஸ்1 ஐஎன் ஏ 192.0.2.1
என்எஸ்2 ஐஎன் ஏ 198.51.100.1
மெயில் ஐஎன் ஏ 192.0.2.25
வெப் ஐஎன் ஏ 192.0.2.80

இதில் "@" என்றால் இந்த ஸோனின் பெயர், அதாவது சாம்பியன்.எக்ஸாம்பிள். அட்மினின் மெயில் முகவரியில் "@" குறிக்குப் பதில் புள்ளி இருப்பதையும் கவனியுங்கள். "@" குறிக்கு இங்கே வேறு பொருள் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு.

எஸ்ஓஏ வரியில் முதலில் வரும் 2026031301 என்ற எண் சீரியல். ஆண்டு, மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று எழுதுவது வழக்கம். மெயின் சர்வரில் இந்த எண் ஏறினால்தான் துணை சர்வர்கள் புதிய கோப்பை எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கோப்பில் ஒரு தவறு இருக்கு. தெரிகிறதா? எம்எக்ஸ் வரியின் கடைசியில் புள்ளி இல்லை.

அந்தப் புள்ளி எதற்கு?

கடைசியில் புள்ளி இருந்தால் "பெயர் இங்கே முடிந்தது" என்று பொருள். இல்லாவிட்டால் சர்வர் அதைப் பாதிப் பெயராக எடுத்துக்கொண்டு ஸோனின் பெயரைப் பின்னால் ஒட்டிவிடும். இடதுபக்கம் "வெப்" என்று மட்டும் எழுதினாலே போதுமாக இருப்பது இந்த வசதியால்தான். அதே வசதி எம்எக்ஸ் வரியில் வினையாகிறது. "மெயில்.சாம்பியன்.எக்ஸாம்பிள்" என்பது "மெயில்.சாம்பியன்.எக்ஸாம்பிள்.சாம்பியன்.எக்ஸாம்பிள்" ஆகிவிடும். அப்படி ஒரு சர்வரே கிடையாது. வர வேண்டிய மெயில் எதுவும் வராது.

தமிழ் எழுத்தில் "க்" என்பதன் புள்ளியை எடுத்தால் "க" ஆகிவிடும் அல்லவா, அந்த மாதிரிதான். பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். டிஎன்எஸ் சர்வருக்கு இடம் பார்த்துப் படிக்கத் தெரியாது. எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

சோதிக்கும் கட்டளை எது?

டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்களில் மிகப் பரவலாகத் தெரிந்தது பைண்ட். அதோடு வரும் கருவிதான் நேம்டு-செக்ஸோன். இதற்காக உங்கள் லேப்டாப்பில் டிஎன்எஸ் சர்வர் ஓட வேண்டிய அவசியம் இல்லை. உபுண்டு, டெபியனில் பைண்ட்9-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவினால் போதும்.

பயன்படுத்தும் முறை எளிது. முதலில் ஸோனின் பெயர், அடுத்து கோப்பின் பெயர்:

நேம்டு-செக்ஸோன் சாம்பியன்.எக்ஸாம்பிள் டிபி.சாம்பியன்

எல்லாம் சரியாக இருந்தால் "லோடட் சீரியல் 2026031301" என்று ஒரு வரியும், அடுத்து "ஓகே" என்று ஒரு வரியும் வரும். இந்த சீரியல் எண்ணைப் படிக்காமல் தாண்டாதீர்கள். நீங்கள் திருத்திய கோப்பைத்தான் சோதித்தீர்களா, நேற்றைய பழைய கோப்பையா என்பது அதில் தெரிந்துவிடும்.

மேலே உள்ள கோப்பைச் சோதித்தால், இரட்டித்துப் போன அந்த நீண்ட மெயில் பெயரைக் காட்டி, அதற்கு முகவரி எதுவும் இல்லை என்று கருவி சொல்லும். ஒரே பெயர் இரண்டுமுறை ஒட்டிக்கொண்டு வந்தாலே புள்ளி விட்டுப்போச்சு என்று புரிந்துகொள்ளலாம்.

வேறு மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வகைக் கருவிகள் இருக்கின்றன. என்எஸ்டி சர்வருக்கு என்எஸ்டி-செக்ஸோன், நாட் சர்வருக்கு கேஸோன்செக். எந்த சர்வரில் ஏற்றப் போகிறீர்களோ அதன் கருவியில் சோதிப்பதுதான் முறை. இரண்டில் சோதித்தால் இன்னும் நல்லது. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

அடிக்கடி வரும் பிழைகள் என்னென்ன?

பிழை இருந்தால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்தே வரும். நேராக அந்த வரிக்குப் போய்விடலாம். அங்கே தவறு எதுவும் கண்ணில் படாவிட்டால் அதற்கு முந்தைய வரிகளைப் பாருங்கள். மூடாத அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் பெரும்பாலும் சில வரிகள் கழித்துத்தான் தலைகாட்டும்.

• "சிநேம் அண்ட் அதர் டேட்டா": சிநேம் என்பது மாற்றுப்பெயர். ஒரு பெயருக்கு சிநேம் கொடுத்தால் அதே பெயருக்கு வேறு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது. "வெப்" என்பதற்கு ஏற்கெனவே ஏ பதிவு இருக்கும்போது, கிளவுட் நிறுவனம் சொன்னது என்று சிநேமும் சேர்த்தால் இந்தப் பிழை வரும். ஸோனின் தலைப்பெயரில் எஸ்ஓஏ, என்எஸ் இருந்தே ஆக வேண்டும் என்பதால் அங்கே சிநேம் போடவே முடியாது.

• என்எஸ் பெயருக்கு முகவரி இல்லை: "என்எஸ்1" என்று சர்வர் பெயர் கொடுத்துவிட்டு, அதற்கு ஐபி முகவரி எழுத மறந்திருப்பீர்கள். அல்லது இங்கேயும் கடைசிப் புள்ளி விட்டுப்போயிருக்கும்.

• "பேட் டாட்டட் க்வாட்": ஐபி முகவரி தவறு. பெயருக்குத்தான் கடைசிப் புள்ளி, ஐபி முகவரிக்குக் கிடையாது. பழக்கதோஷத்தில் அங்கேயும் வைத்துவிட்டால் இது வரும்.

• "இக்னோரிங் அவுட்-ஆஃப்-ஸோன் டேட்டா": இந்த ஸோனுக்குச் சம்பந்தமில்லாத பெயர் ஒன்று இடதுபக்கம் இருக்கிறது. வேறொரு ஸோனிலிருந்து காப்பி-பேஸ்ட் செய்திருந்தாலோ, கட்டளையில் ஸோன் பெயரைத் தவறாகக் கொடுத்திருந்தாலோ வரும்.

• எண் எல்லை தாண்டியது: சீரியல் 32 பிட் எண். அதிகபட்சம் 4294967295. பத்து இலக்கத்துக்குப் பதில் பதினொன்று டைப் செய்தால் கருவி ஏற்காது.

• "நோ டிடிஎல் ஸ்பெசிஃபைடு": கோப்பின் தலையில் $டிடிஎல் வரி இல்லை. இது எச்சரிக்கைதான், கோப்பு ஏறிவிடும். ஆனால் எவ்வளவு நேரம் நினைவில் வைக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் கருவியிடம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கடைசி வகையைக் கவனியுங்கள். சில எச்சரிக்கைகள் "ஓகே"-யோடு சேர்ந்தே வரும். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு டெர்மினலை மூடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூடுதல் கண்டிப்பு வேண்டுமென்றால் நேம்டு-கம்பைல்ஸோன் என்ற அண்ணன் கருவி இருக்கிறது. செக்ஸோன் எச்சரித்துவிட்டு விடும் சில விஷயங்களை அது இயல்பாகவே தோல்வி என்று சொல்லிவிடும்.

"ஓகே" வந்தால் எல்லாம் சரிதானே?

"ஓகேன்னுதானே அண்ணா வந்துச்சு, அப்புறம் எப்படி மெயில் நின்னுச்சு?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டால், அதற்கான பதில் இதுதான்: கருவி பார்ப்பது இலக்கணத்தை. நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இலக்கணம் சரியாக இருந்து பொருள் தவறிப்போகும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, சிநேமின் வலதுபக்கம். எம்எக்ஸ், என்எஸ் வரிகளில் புள்ளி விட்டால் கருவி முகவரியைத் தேடிப் பார்த்துச் சொல்லும். சிநேம் வரியில் அப்படித் தேடுவதில்லை. "பிளாக் ஐஎன் சிநேம் ஹோஸ்டிங்.எக்ஸாம்பிள்" என்று புள்ளியில்லாமல் எழுதினால் அது "ஹோஸ்டிங்.எக்ஸாம்பிள்.சாம்பியன்.எக்ஸாம்பிள்" ஆகும். கருவி ஓகே சொல்லும். வெப்சைட் திறக்காது.

இரண்டாவது, அரைப்புள்ளி. ஸோன் ஃபைலில் ";" வந்தால் அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் குறிப்பு, சர்வர் படிக்காது. மெயில் மோசடியைத் தடுக்க எழுதும் டிமார்க் பதிவில் அரைப்புள்ளி கட்டாயம் வரும். அந்த டிஎக்ஸ்டி பதிவை மேற்கோள்குறிக்குள் போடாவிட்டால் முதல் அரைப்புள்ளியோடு பதிவு முடிந்துவிடும். மிச்சம் காணாமல் போகும். இதற்கும் பிழைச்செய்தி வராது.

மூன்றாவது, வரியின் தொடக்கத்தில் இருக்கும் வெற்றிடம். ஒரு வரி ஸ்பேஸில் தொடங்கினால், "மேலே உள்ள அதே பெயர்" என்று பொருள். நடுவில் புதிதாக ஒரு வரியைச் செருகினால், அதற்குக் கீழே ஸ்பேஸில் தொடங்கும் வரிகளெல்லாம் சத்தமில்லாமல் புதிய பெயருக்குச் சொந்தமாகிவிடும்.

நான்காவது, ஒரு பெயருக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள். மெயில் சேவையை மாற்றும்போது பழையதை எடுக்காமல் புதியதைச் சேர்ப்பதால் வருவது. விதிப்படி ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் பெறுபவரின் சர்வர் அதைப் பிழையாகவே கொள்ளும். ஸோன் ஃபைலின் இலக்கணத்தில் இதற்குத் தடை இல்லை.

ஐந்தாவது, ஏறாத சீரியல். கருவி பார்ப்பது ஒரே ஒரு கோப்பை. நேற்று என்ன எண் இருந்தது என்று அதற்குத் தெரியாது. எண்ணை ஏற்ற மறந்தால் மெயின் சர்வர் புதிய பதிலும் துணை சர்வர் பழைய பதிலும் சொல்லும். ஒருவருக்கு வெப்சைட் திறக்கும், பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்குத் திறக்காது.

இவற்றை எப்படிப் பிடிப்பது?

நேம்டு-செக்ஸோனுக்கு ஹைபன் போட்டு பெரிய எழுத்தில் "டி" கொடுங்கள். சுருக்கங்களையெல்லாம் விரித்து, ஒவ்வொரு பெயரையும் முழுதாக எழுதிக் காட்டும். சர்வர் இந்தக் கோப்பை எப்படிப் புரிந்துகொள்ளப் போகிறது என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். இரட்டித்த பெயர், வெட்டுப்பட்ட டிஎக்ஸ்டி, இடம் மாறிய வரி எல்லாமே இதில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இதைவிட நல்ல வழி: பழைய கோப்பையும் புதிய கோப்பையும் இப்படி விரித்து எழுதி, இரண்டையும் டிஃப் கட்டளையில் ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்றியது ஒரே ஒரு வரி என்றால், டிஃப்பில் அந்த வரியும் சீரியலும் மட்டுமே மாறியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் நிறுத்துங்கள்.

வரிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 2010 மே 12-ம் தேதி, அந்நாட்டின் .டிஇ முகவரிகளை நிர்வகிக்கும் டெனிக் அமைப்பின் சில சர்வர்களுக்கு முழுதாகக் காப்பி ஆகாத ஸோன் ஃபைல் போய்விட்டது. இருக்கிற பெயர்களுக்கே "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பதில் வந்தது. பாதியில் நின்ற கோப்பு இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம். நேற்று 400 வரி இருந்த கோப்பு இன்று 150 வரி என்றால், கருவி ஓகே சொன்னாலும் நீங்கள் சொல்லக் கூடாது.

தமிழ் டொமைன் பெயர்களில் என்ன சிக்கல்?

தமிழில் எழுதும் நாட்டு முடிவொட்டுகள் மூன்று உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இவற்றில் பெயர் வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

டிஎன்எஸ்ஸில் தமிழ்ப் பெயர் தமிழாகவே போவதில்லை. ப்யூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வடிவமாக மாறித்தான் போகும். முன்னால் எக்ஸ், என், இரண்டு ஹைபன் என்ற அடையாளம் இருக்கும். ஸோன் ஃபைலில் எழுத வேண்டியது இந்த வடிவத்தைத்தான். நேரடியாகத் தமிழில் எழுதினால் சர்வர் அதை வெறும் பைட்டுகளாக வைத்துக்கொள்ளும். பிரவுசரோ ப்யூனிகோட் வடிவத்தைக் கேட்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. செக்ஸோன் இங்கே "பேட் ஓனர் நேம்" என்று எச்சரிக்கும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மாற்றுவதற்கு ஐடிஎன்2 என்ற கட்டளை இருக்கிறது. கையால் டைப் செய்யவே செய்யாதீர்கள். .இந்தியா, .இலங்கை இரண்டின் ப்யூனிகோட் வடிவங்களும் முதல் எட்டு எழுத்துவரை ஒன்றேதான். கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது கஷ்டம். ஐடிஎன்2-க்கு ஹைபன் "டி" கொடுத்தால் மறுபடி தமிழாக்கிக் காட்டும். அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இன்னொரு பொறி தமிழுக்கே உரியது. "கௌரி" என்பதைச் சரியான ஔகாரக் குறியோடும் டைப் செய்யலாம், "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டும் டைப் செய்யலாம். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு பெயர்கள், ப்யூனிகோடும் வேறு. பதிவு செய்தது ஒன்று, ஸோன் ஃபைலில் இருப்பது இன்னொன்று என்றால் எந்தச் சோதனைக் கருவியும் சொல்லாது.

சர்வரில் ஏற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

சோதனை முடிந்து, ஆர்என்டிசி ரீலோடு கொடுத்தாயிற்று. வெப்சைட்டும் திறக்கிறது. நிம்மதியாக ரயில் ஏறலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

பைண்ட் சர்வரில் ஒரு குணம் உண்டு. ரீலோடு செய்யும்போது புதிய கோப்பில் பிழை இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே நினைவில் இருக்கும் பழைய தகவலையே சொல்லிக்கொண்டிருக்கும். லாகில் மட்டும் ஒரு வரி எழுதும். வெளியில் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே தெரியும். சில வாரம் கழித்து சர்வரை ரீபூட் செய்யும்போது பழைய தகவல் நினைவில் இருக்காது, கோப்பும் ஏறாது. ஸோன் முழுவதும் விழும். அன்றைக்கு வேலையில் இருப்பவருக்குக் காரணமே புரியாது, ஏனென்றால் அன்று யாரும் எதையும் மாற்றவில்லை.

எனவே ஏற்றியதும் டிக் கட்டளையில் சர்வரிடமே நேராகக் கேளுங்கள்:

டிக் @என்எஸ்1.சாம்பியன்.எக்ஸாம்பிள் சாம்பியன்.எக்ஸாம்பிள் எஸ்ஓஏ +ஷார்ட்

பதிலில் புதிய சீரியல் இருக்க வேண்டும். அடுத்து என்எஸ்2-விடமும் இதையே கேளுங்கள். எல்லா சர்வர்களையும் ஒரே மூச்சில் கேட்க, டொமைன் பெயரோடு "+என்எஸ்சர்ச்" கொடுத்தால் போதும். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை முடியவில்லை.

சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன் நேம்டு-செக்கான்ஃப் கட்டளையை ஹைபன் "ஸெட்" சேர்த்து ஓட்டுங்கள். கான்ஃபிகரேஷனோடு அதில் குறிப்பிட்டுள்ள மெயின் ஸோன்களையும் சோதித்துவிடும். டிஎன்எஸ்செக் கையொப்பமிட்ட ஸோன் என்றால் டிஎன்எஸ்செக்-வெரிஃபை கட்டளையும் தேவை. கையொப்பம் பொருந்தாவிட்டால் சரியான பதிலைக்கூடப் பல சர்வர்கள் ஏற்காது.

மனிதரை நம்புவதா, ஸ்கிரிப்டை நம்புவதா?

1997 ஜூலை 17-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். அப்போது .காம், .நெட் பெயர்களை நிர்வகித்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் ஸோன் ஃபைல்கள் சிதைந்த நிலையில் உருவாயின. கணினி எச்சரிக்கை கொடுத்தது. பணியில் இருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் கோப்பை வெளியிட்டுவிட்டார். உலகம் முழுக்க வெப்சைட்டும் மெயிலும் சில மணி நேரம் தடுமாறின. சோதனை நடந்தும் பலன் இல்லை, ஏனென்றால் கேட்பதும் கேட்காததும் ஒரு மனிதரின் கையில் இருந்தது.

அதனால் சோதனையைச் செய்தியாக வைத்துக்கொள்ளாதீர்கள், கதவாக வையுங்கள். நேம்டு-செக்ஸோன் பிழை கண்டால் 1 என்றும், இல்லாவிட்டால் 0 என்றும் ஒரு முடிவு எண்ணைத் தரும். சோதனைக் கட்டளையையும் ரீலோடு கட்டளையையும் நடுவில் "&&" போட்டு ஒரே வரியில் எழுதினால், முதலாவது வெற்றி பெற்றால்தான் இரண்டாவது ஓடும். ஸோன் ஃபைலை கிட்டில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் சோதனை தானாக ஓடும்படி அமைப்பது இன்னும் பாதுகாப்பு. அப்படித் தானாக ஓடும் இடத்தில் இணைய வசதி இல்லாவிட்டால் "ஹைபன் ஐ லோக்கல்" சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிப் பெயர்களைத் தேடப் போகாது.

கிளவுட் பேனலில் டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள், "எங்களுக்கு ஸோன் ஃபைலே கிடையாதே" என்று நினைக்கலாம். இலக்கணப் பிழைகளைப் பேனல் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் தவறான முகவரி, இரண்டு எஸ்பிஎஃப் எல்லாம் அங்கேயும் வரும். க்ளவுட்ஃப்ளேர் போன்ற சேவைகளில் ஸோன் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி உண்டு. மாற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து டிஃப் பாருங்கள்.

தவறான பதில் வெளியே போய்விட்டால்?

முதலில் திருத்துங்கள், சீரியலை ஏற்றுங்கள், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து ரீலோடு கொடுங்கள். பதற்றத்தில் சோதனையைத் தவிர்த்தால் இரண்டாவது தவறும் சேர்ந்துவிடும். அதன்பிறகு காத்திருப்புதான். தவறான பதில் டிடிஎல் நேரம் முழுவதும் மற்றவர்களின் சர்வர்களில் இருக்கும். "பெயரே இல்லை" என்ற பதிலும் நினைவில் வைக்கப்படும், அதன் நேரத்தைத் தீர்மானிப்பதில் எஸ்ஓஏ வரியின் கடைசி எண்ணுக்குப் பங்கு உண்டு.

இதற்கு ஒரே முன்னேற்பாடு: பெரிய மாற்றம் செய்வதாக இருந்தால், ஒருநாள் முன்பே டிடிஎல்லை 300 வினாடி அளவுக்குக் குறைத்து வையுங்கள். தவறு நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடும். எல்லாம் நிலைத்த பிறகு பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

சீரியலில் ஆண்டைத் தவறாக 2062 என்று போட்டுவிட்டால் சும்மா குறைக்க முடியாது. துணை சர்வர்கள் சின்ன எண்ணை ஏற்காது. அந்தத் தவறான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டி, 4294967295-ஐத் தாண்டினால் 4294967296-ஐக் கழித்து, கிடைக்கும் எண்ணை முதலில் ஏற்ற வேண்டும். எல்லாத் துணை சர்வர்களும் அதை எடுத்த பிறகு சரியான எண்ணுக்கு வரலாம்.

சுருக்கமாக

• ஏற்றும் முன் நேம்டு-செக்ஸோன். எச்சரிக்கைகளையும் சீரியல் எண்ணையும் முழுதாகப் படியுங்கள்.

• விரித்து எழுதிய பழைய, புதிய கோப்புகளை டிஃப்பில் ஒப்பிடுங்கள். நீங்கள் நினைத்த மாற்றம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

• தமிழ்ப் பெயர்களை ஐடிஎன்2 கொண்டே மாற்றுங்கள், திருப்பியும் பாருங்கள்.

• சோதனையையும் ரீலோடையும் "&&" போட்டு இணையுங்கள்.

• ஏற்றிய பின் எல்லா சர்வர்களிடமும் எஸ்ஓஏ கேளுங்கள், லாகைப் பாருங்கள்.

• பெரிய மாற்றத்துக்கு ஒருநாள் முன் டிடிஎல்லைக் குறையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் ஸோன் ஃபைலைத் தொடாதீர்கள்.